முதல் துளி

புள்ளிக் கோழியின் வாலடியில் மறுபடியும் இரத்தம்.

கிறேஸ் டீச்சர் அதை மடியில் வைத்து, உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுத்தார். கோழி அசையாமல் கிடந்தது. கூட்டில் இருக்கிற ஐந்தில் கைக்கு அடங்குவது அது ஒன்றுதான்.

இது மூன்றாவது தடவை.

மிருக வைத்தியர் சொன்னதெல்லாம் செய்தாகிவிட்டது. காயத்துக்கு ஊதா மருந்து. சிவப்பைக் கண்டால் மற்றக் கோழிகள் விடாது, ஊதா அதை மறைத்துவிடும். ஆறும்வரை புள்ளியை வேறாக வைக்க ஒரு கம்பி வலை. ஆனால் மற்றவை அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பிப் போகும்போது அந்நியமாகிவிடும். தீனிக்கு ஒரு தட்டுக்குப் பதில் இரண்டு. பொழுது போகாமல் ஒன்றையொன்று கொத்தாதிருக்க, கூட்டின் நடுவில் கயிற்றில் தொங்கும் ஒரு முழு முட்டைக்கோவா.

ஒவ்வொரு தடவையும் காயம் ஆறியது. புது இறகு முளைத்தது. வெளியே விட்டுக் கொஞ்ச நாளில் அதே இடம் மறுபடி திறந்துகொண்டது.

வைத்தியர் போனில் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார். கோழிகள் இரத்தத்தைக் கண்ட பிறகுதான் கூட்டமாகச் சேர்ந்து கொத்தும். முதல் துளியை வரவழைக்கிறது எதுவோ, அதைக் கண்டுபிடித்து விலக்குங்கள்.

டீச்சர் குசினி ஜன்னலோரம் கதிரையைப் போட்டுக் காலை முழுக்கக் காவல் இருந்தார்.

மதிலில் வந்து நின்றது பக்கத்து வீட்டுக் கைரியாவின் சாவல். கழுத்தெல்லாம் செம்பு நிறம். ஒருதரம் கூவிவிட்டு இந்தப் பக்கம் குதித்து, நேரே புள்ளியைத் துரத்தியது.

எந்தச் சாவலும் செய்கிற காரியம்தான். டீச்சருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

தேத்தண்ணியோடு வந்த கணவர் மத்தியாஸும் ஜன்னலால் எட்டிப் பார்த்தார். தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர், நிதானமான மனிதர்.

"அந்தச் சாவலோட பார்வையே சரியில்ல. நான் அன்னைக்கே சொன்னேனே."

அவர் என்றைக்கும் அப்படிச் சொன்னதில்லை.

அன்று பின்னேரமே மதிலடியில் பேச்சு வந்தது. அந்தச் சாவல், கைரியாவின் உம்மா மௌத்தாகி அடக்கமான வருசம், உம்மாவின் அலவத்துகொட வீட்டிலிருந்து அவள் குஞ்சாக மடியில் வைத்துக் கொண்டுவந்தது. அவள் உள்ளங்கையில் சோறு வைத்தால்தான் தின்னும்.

"என்ட சாவல் கொத்தினத்த நீங்க கண்ணால கண்டீங்களா டீச்சர்?"

"காயத்த கண்ணால பாக்குறேனே கைரியா. அது போதாதா?"

அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. அந்த வருசம் மதிலுக்கு மேலால் நோன்புக் கஞ்சி வரவில்லை. பெருநாளன்று வட்டிலப்பமும் வரவில்லை. டீச்சர் பிளாஸ்டிக் வலை வாங்கி மதிலுக்கு மேல் கட்டினார். சாவல் வலைக்கு மேலாலும் பறந்தது.

கடைசியில் கைரியாவே வந்தாள். கையில் மூடிய பாத்திரம். கண்கள் வீங்கியிருந்தன.

"அறுத்துட்டோம் டீச்சர். இனி ஒங்கட கோழிக்கு ஒண்டும் ஆகாது. மனசுல ஒண்டும் வெச்சிக்காம தின்னுங்க."

டீச்சர் பாத்திரத்தை வாங்காமல் அவளுடைய கையைத்தான் முதலில் பிடித்தார். பிறகு இருவரும் வாசற்படியிலேயே உட்கார்ந்து, ஒருத்தியை ஒருத்தி பார்க்காமல் கொஞ்ச நேரம் அழுதார்கள்.

பகல் சாப்பாட்டில் மத்தியாஸ் இரண்டு தடவை கறி போட்டுக்கொண்டார். மிளகு தூக்கலாக, நல்ல பதம் என்றார். டீச்சர் குழம்பை மட்டும் தொட்டுக்கொண்டார். கூட்டைப் பற்றி அவருக்கு இனிக் கவலை இல்லை. புள்ளியின் காயம் சுத்தமாக ஆறி, வாலில் இளம் இறகுகள் வரிசையாக வந்திருந்தன. அன்று காலைதான் கம்பி வலையை எடுத்து மற்றக் கோழிகளோடு விட்டிருந்தார்.

வழமையாகச் சாப்பிட்டதும் ஒரு தூக்கம் போடுகிற டீச்சர், இன்று படுக்கவில்லை. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க மனம் வராமல், அதில் ஆறு முட்டைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு கைரியா வீட்டுக்குப் போனார். போன கொஞ்ச நேரத்தில் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து இருவரின் சிரிப்பும் கேட்டது.

மத்தியாஸுக்கும் அதைக் கேட்க நிம்மதியாக இருந்தது. சாப்பிட்ட பிறகு எப்போதும் போல அவருக்குக் காது குறுகுறுத்தது. எழுந்து பின்வளவுக்குப் போனார்.

அவரைக் கண்டதும் புள்ளி தானாகவே வந்து காலடியில் நின்றது. தூக்கிக் கக்கத்தில் அணைத்துக்கொண்டு, வாலை விரித்துப் பார்த்து, இளசாக ஒன்றைத் தேர்ந்து, இரண்டு விரலால் பிடித்து ஒரே இழுப்பு.

கோழி ஒருதரம் கத்தியது. அவர் அதைத் தடவிக் கொடுத்துக் கீழே விட்டார்.

நிழலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, இறகின் நுனியில் கொஞ்சத்தை விட்டு மீதியை உருவி எறிந்தார். நுனியைக் காதுக்குள் விட்டு மெல்லச் சுழற்றினார். கண்கள் தாமாகச் சொருகின.

நிலத்தில் உதிர்ந்து கிடக்கிற இறகை மத்தியாஸ் ஒருநாளும் எடுக்கமாட்டார். அதில் கிருமி இருக்கும்.