கழலாத தாடை

சமையலறை ஜன்னல் வெயிலில், பழைய துண்டின் மேல் அந்த மண்டையோடு கிடக்கிறது. "ஆத்தோரமா நடந்தேன் மாமா, கால்ல தட்டுச்சு. உங்களுக்குப் பிடிக்குமேன்னு எடுத்துட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டு, பல் டாக்டருடைய மனைவியின் தம்பி டீயை ஊதிக் குடிக்கிறான். டாக்டர் அதைக் கையில் எடுக்கிறார். தட்டையான உச்சி, குட்டை மூக்கு, மீன் முள்ளை நொறுக்கும் அகன்ற கடைவாய்ப்பல். நீர்நாய்! ஒரு பல்கூட உதிரவில்லை. இதற்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளை அவர் அதே ஆற்றுச் சேற்றில் தொலைத்திருக்கிறார்! ஹாலில் அவருடைய கண்ணாடி அலமாரியில் நரி, கீரி, பூனை, வௌவால் எல்லாம் இளித்துக்கொண்டிருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் இன்னும் காலி. இந்தப் பயலுக்கோ நாய் எது, நரி எது என்றுகூடத் தெரியாது. அவன் காலில் போய்த் தட்டியிருக்கிறது!

"அபூர்வமா மாமா?"

"அட, தெருப் பூனைப்பா. வச்சுட்டுப் போ, நான் குப்பையில போட்டுடறேன்."

தம்பியின் முகம் சுருங்குகிறது. தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி ஈரக் கையோடு வந்து மண்டையோட்டை வாங்கி, தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கிப் பார்க்கிறாள். நீர்நாயின் கீழ்த்தாடை ஆயிற்றே, மூட்டில் கவ்விக்கொண்டு அப்படியே நிற்கிறது.

"அலமாரியில இருக்கிற பூனையத் தூக்கினாலே தாடை தனியா விழுந்துடும், நான்தான் திட்டு வாங்குவேன். இந்தப் பூனைக்கு மட்டும் ஏன் விழல?"

அவள் உலுக்க உலுக்க, அதன் வாய் டக் டக்கென்று திறந்து மூடுகிறது. டாக்டரின் வாய்தான் திறக்கவில்லை.