எதிர்க்கடைச் சாட்சி

"அய்யோ, அங்க மட்டும் போய் விசாரிக்காதீங்கம்மா!"

ரோஸ் பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடிபட்ட கை பேங்க் ஆபீசர் ஷைலாவுடையது. அவள் கிளம்பியது எதிரே இருக்கும் இப்ராஹிமின் ரிப்பேர் கடைக்கு.

"வேற வழியில்லை ஆன்டி. அங்கிள் பட்டாளத்துல இருந்தவர், அதனால முன்னாள் ராணுவத்தார் வீட்டு லோனுக்கு மனு வாங்கிக்கிட்டோம். ஆனா பென்ஷன் மட்டும் பத்தாது. கடையில வருமானம் வருதுன்னு ஆதாரம் வேணும். சொந்தத் தொழிலுக்குச் சம்பளச் சீட்டா இருக்கு? அக்கம்பக்கத்துலதான் கேட்கணும்."

"சர்ச் ஃபாதர் லெட்டர் கொடுத்திருக்காரே!"

"நல்லவர்னு கொடுத்திருக்கார். தொழிலைப் பத்தி அதுல ஒண்ணும் இல்லையே."

ரோஸின் கணவர் சூசைராஜ் பிரித்துப்போட்ட ஜெனரேட்டருக்கு முன்னால் ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தார்.

பர்மாவில், யாங்கோன் கரண்ட்டை நம்பி யார் இருக்கிறார்கள்? ஜெனரேட்டர் வேலைக்குக் குறைவே இல்லை. ஆனாலும் க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் போகிற அந்தத் தெருவில் ரிப்பேர் கடைகள் இரண்டேதான். இருபது வருஷமாக இப்ராஹிம் நடத்தும் கடைக்கு நேர் எதிரே, ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், இரண்டு வருஷம் முன்பு கடை போட்டார் நம்ம பட்டாளத்தார். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது.

இப்போது குடியிருக்கும் வீட்டை ஓனர் விற்கப்போகிறார். லோன் கிடைத்தால் இவர்களே வாங்கிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் மாசக் கடைசியில் சட்டி பானையைத் தூக்க வேண்டியதுதான். இந்த நேரத்தில், போயும் போயும் இப்ராஹிம் வாயிலா மாட்டுவது?

ஷைலா கேட்டு முடிக்கக்கூட இல்லை. இப்ராஹிம் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

"யாரு, அந்த ஆளா? ஆறு மணிக்கே கடையைத் திறந்துடறார்! ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போயிட்டு வந்து அப்பவும் திறக்கறார்! படகு மோட்டார், ஜெனரேட்டர், தினம் அஞ்சு மெஷின் அங்க போகுதும்மா. ரெண்டு வருஷமா அந்த மனுஷன் ஒரு நாள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. எழுதிக்கோ! கையெழுத்தே போட்டுத் தரேன்!"

சொன்னபடியே போட்டார். பர்மிய மொழியில் ஒன்று, தமிழில் ஒன்று.

"பாவி மனுஷன்! நம்ம குடியைக் கெடுக்கத்தான் காத்துக்கிட்டு இருந்தாரா?" சொன்னதைவிடச் சத்தத்தையே பெரிதாக எடுத்துக்கொண்ட ரோஸ் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவர் மேல் பாய்ந்தாள். "நீங்க என்னன்னா கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கீங்க!"

"அவர் சொன்னதுல என்ன பொய் இருக்கு?" என்றார் சூசைராஜ்.

அதற்குள் ஷைலா சிரித்துக்கொண்டே வந்துவிட்டாள்.

"ஆன்டி, வீட்டை வேற யாருக்கும் பேச வேண்டாம்னு ஓனர்கிட்ட சொல்லிடுங்க."

"என்னம்மா சொல்றே?"

"சொந்தக்காரங்க, சிநேகிதங்க சொன்னா எங்க மேனேஜர் நம்பவே மாட்டார். போட்டிக் கடைக்காரரே வயித்தெரிச்சல்ல கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கார். இதைவிட ஆதாரம் வேணுமா? லோன் கிடைச்ச மாதிரிதான்."

ரோஸுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. டீக்கடையில் ஒரு டீ வாங்கிக்கொண்டு நேரே எதிர்க்கடைக்குப் போனாள். இரண்டு வருஷத்தில் அந்தப் படியை அவள் மிதிப்பது இதுதான் முதல் தடவை.

"பாய், நீங்க திட்டினீங்களோ, என்ன பண்ணினீங்களோ, வீடு எங்களுக்குக் கிடைக்கப்போகுது. நல்லா இருங்க. ஒண்ணே ஒண்ணு கேட்கறேன். தினம் அஞ்சு மெஷின்னு அவ்வளவு கரெக்டா எப்படிச் சொன்னீங்க? உட்கார்ந்து எண்ணிக்கிட்டே இருப்பீங்களா?"

இப்ராஹிம் டீயை வாங்கிக்கொண்டார். எதிர்க்கடைக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"வர்றவங்ககிட்ட என் பேரைச் சொல்லாதீங்கன்னு சொல்லி, அஞ்சையும் அங்க அனுப்பி வைக்கறதே நான்தானேம்மா!"