ஐந்து யாருடையது?

“இந்த அஞ்சு எங்கேருந்துடா வருது?” என்றான் கண்ணாடி.

நெட்டையின் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதன் அதிர்வை ஃபூரியர் தொடர் போட்டுப் பிரித்ததில், விநாடிக்கு இருபத்தைந்து, ஐம்பது, எழுபத்தைந்து தடவை என்று லேப்டாப்பில் கோடுகள் நின்றன. அவை மோட்டாருடையவை. ஆனால் ஐந்திலும் ஒரு கோடு நின்றது. நாளைக் காலை புராஜெக்ட் வைவா.

“பேரிங்காதான் இருக்கும்,” என்றான் நெட்டை.

“மூணு பேரிங் மாத்தியாச்சு.”

“அப்ப நம்ம கணக்குல தப்பு.”

“அதையும் நாலு தடவ போட்டாச்சு. தலை எது, வால் எதுன்னே புரியல.”

கண்ணாடி மோட்டாரையே நிறுத்திப் பார்த்தான். மற்ற கோடுகள் எல்லாம் படுத்துவிட்டன. ஐந்து மட்டும் அப்படியே நின்றது.

இருவரும் பேயறைந்தவர்கள் போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

துணி மடித்துக்கொண்டிருந்த நெட்டையின் அம்மா எட்டிப் பார்த்தாள். “உக்காந்தா கால ஆட்டாதடான்னு எத்தனை தடவ சொல்றது? மேஜையே ஆடுது பாரு.”

நெட்டை காலை நிறுத்தினான். ஐந்தும் படுத்தது.

கழற்றிப்போட்ட மூன்று பேரிங்குகளையும் கண்ணாடி வெகுநேரம் பார்த்தான். “ரிப்போர்ட்ல காரணம்னு என்னடா எழுதுறது?”

நெட்டை தீவிரமாக யோசிக்க ஆரம்பித்தான்.

திரையில் ஐந்து மெல்ல எழுந்து நின்றது.