வாப்பா மீனுக்கு ஒரு வேலை

“அந்த வாப்பா மீனுக்கு வேலையே இல்லையா வாப்பா?” என்று ஒருநாள் சுமையா தன் அப்பாவிடம் கேட்டாள்.

ஜெய்னுல் கன்னத்தில் கைவைத்துத் தொட்டியின் முன் உட்கார்ந்திருந்தார். வெறுமையான பவளப்பாறைகளில் விடுவதற்குக் குஞ்சு பொரித்துத் தரச்சொல்லி, மண்டபம் ஊரில் வீட்டுக்கொரு கோமாளி மீன் ஜோடியை மீன்வளத் துறையினர் கொடுத்திருந்தார்கள். அவர் வீட்டு ஜோடி முட்டையிடும். விடிவதற்குள் ஆண்மீனே அத்தனையையும் தின்றுவிடும். இந்த முறையும் தவறினால் ஜோடியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். உப்பு, சூடு, தீனி எல்லாம் பார்த்தாயிற்று.

மகள் கேட்ட பிறகுதான் அது கண்ணில் பட்டது. முட்டைகளுக்கு விசிறியதும் கெட்டதைப் பொறுக்கியதும் தொட்டியிலிருந்த கவனிப்பான் எந்திரத்தின் மெல்லிய கை. ஆண்மீன் நெருங்கினால் அந்தக் கை அதை ஒதுக்கிவிடும். தான் விசிறாத முட்டை தன்னுடையதென்று மீனுக்கு எப்படித் தெரியும்?

ஜோடி அடுத்த முறை முட்டையிட்டதும் கவனிப்பானை நிறுத்தினார்.

“கிறுக்குப் புடிச்சிருச்சா? இதையும் தின்னுட்டா?” என்றாள் மனைவி பல்கீஸ்.

“அந்த ஆம்பளை மீனுக்கு அல்லா துடுப்பு குடுத்திருக்கான்ல. அவன் புள்ளைய அவன் பாக்கட்டும்.”

“சரிதான். இந்த வீட்டுல ஒரு ஆம்பளையாச்சும் புள்ளை பாக்கட்டும்.”

ஆண்மீன் தயங்கித் தயங்கி வந்து விசிறத் தொடங்கியது. முட்டைகளில் வெள்ளிக் கண்கள் தெரிந்தன. ஒரு காலையில் தொட்டியெங்கும் குஞ்சுகள் மினுங்கின. பல்கீஸ் தெருவுக்கே இனிப்பாக வட்டலப்பம் கொடுத்தாள்.

மறுநாள் மதியம் அவள் கடைக்குப் போயிருந்தாள். சுமையா உறங்கிக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து அவளுக்கு விசிறியது கூரையிலிருந்து இறங்கும் இன்னொரு கவனிப்பானின் கைதான். ஜெய்னுல் எழுந்துபோய் அதை நிறுத்தினார். மீன் தீனி டப்பாவின் மூடியை எடுத்து அவளருகே உட்கார்ந்து விசிறினார். ஒரு கை வலித்ததும் மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.