ஆறு கிலோ இருநூறு கிராம்

சிவசங்கரன் டூத் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்தார். அறுத்த துண்டைச் சமையலறைத் தராசில் வைத்தார்.

"ஏழு கிராம் மிச்சம்!"

"ஏங்க, உங்களுக்கு என்னதான் ஆச்சு? தராசைக் குடுங்க, மைதா அளக்கணும்" என்றாள் ஜெயபாரதி.

ராஸ் அல் கைமாவில் அவர் வேலை பார்க்கும் டைல்ஸ் கம்பெனி முதலாளி மஹ்மூது, வருஷா வருஷம் கிர்கிஸ்தான் மலைக்கு ஐந்து நாள் வேட்டைக்குப் போவார். ஆபீஸிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவார். போன வருஷம் போன ராஜீவ், வந்த கையோடு ஷார்ஜா கிளைக்கு மேனேஜர் ஆகிவிட்டான்.

இந்த வருஷம் துபாய் கிளைக்கு மேனேஜர் இல்லை. அழைப்பு சிவசங்கரனுக்கு. கொசுவைக்கூட அடிக்காமல் விரட்டிவிடுகிற சைவம்தான் அவர். ஆனாலும் மேனேஜர் நாற்காலிக்காக, யாரோ மலையாட்டைச் சுடுவதை வேடிக்கை பார்க்க மனசைத் தேற்றிக்கொண்டார்.

முதலாளியின் வாட்ஸ்அப்பில் ஒரே கண்டிஷன். "மேலே ஆளுக்கொரு குதிரை. நூறு கிலோவுக்கு மேல் ஒரு கிராம்கூட ஏற்ற மாட்டார்கள். பார்த்துக்கொள்."

"நூறு கிலோவா! ஊருக்குப் போறவனுக்கு ஏர்லைன்ஸ்காரனே முப்பதுதான் தர்றான். நான் பத்துக்குள்ள முடிச்சுக் காட்டறேன் பாரு, முதலாளி அசந்துடுவாரு!"

சும்மா சொல்லக்கூடாது, பெட்டி கட்டுவதில் மனுஷன் புலி. பில்டிங்கில் யார் ஊருக்குக் கிளம்பினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கையால் தூக்கிப் பார்த்தே "இருபத்தொன்பது தொள்ளாயிரம்" என்பார். ஏர்போர்ட் தராசும் அதையேதான் காட்டும்.

இரண்டாவது சட்டை வெளியே போனது. துண்டு பாதியானது. பனியனில் தைத்திருந்த கம்பெனி லேபிளைக்கூட விடவில்லை. கடைசியில் ஜெயபாரதி வைத்த டப்பாக்களில் கை வைத்தார்.

"முறுக்கு, அதிரசம், முந்திரிக் கேக்கு... மூணு கிலோ! எல்லாத்தையும் எடு வெளியே."

"மலையில சைவத்துக்கு எங்க போவீங்க? சரி, இங்க யாரு திங்கறது? உங்க பொண்ணு ஹர்ஷினியும் டயட்ல இருக்கா."

"வீணாக்குவானேன், இப்படி வை."

கிளம்ப இன்னும் நான்கு நாள் இருந்தது. எதையும் வீணாக்காமல் தின்று தீர்த்தார். பை மட்டும் இளைத்துக்கொண்டே வந்தது.

வியாழக்கிழமை காலை, கம்பெனி குடோனில் டைல்ஸ் நிறுக்கும் மெஷின் முன்னால் மஹ்மூது நின்றிருந்தார். பையை ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு மெஷினில் வைத்தார்.

"ஆறு கிலோ இருநூறா! மாஷா அல்லாஹ்! இருபது வருஷமா மலைக்குப் போறேன், இப்படி ஒரு பையை நான் பார்த்ததே இல்லை!" என்று ஆங்கிலத்தில் வியந்தார்.

சிவசங்கரனுக்கு உச்சி குளிர்ந்துபோனது. வழியனுப்ப வந்த ராஜீவைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு சிரித்தார். துபாய் ஆபீஸில் மேஜையை எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது என்பதுவரை யோசித்துவிட்டார்.

"யல்லா, பையை மாட்டிக்கொண்டு நீயும் ஏறு" என்றார் மஹ்மூது.

"நானா?"

"குதிரை மேல் பை மட்டுமா உட்காரப்போகிறது?"

ஏறினார். நூற்றிரண்டு புள்ளி நான்கு. ஷூவைக் கழற்றினார். பர்ஸை எடுத்தார், பெல்ட்டை உருவினார். மூச்சைப் பிடித்து வயிற்றை எக்கிக்கூடப் பார்த்தார். நூறு புள்ளி ஒன்பதுக்குக் கீழே மெஷின் இறங்குவதாக இல்லை.

மூணு கிலோ பலகாரம் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

"கலாஸ், முடிந்தது" என்றார் மஹ்மூது. பிறகு குச்சி மாதிரி ஒல்லியாக நின்றிருந்த டிரைவர் காதர் மைதீனிடம் அரபியில் ஏதோ சொன்னார்.

காதர் மைதீன் தயங்கித் தயங்கி வந்தான். சிவசங்கரனின் தோளிலிருந்த பையை மெல்லக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.

"தப்பா நினைக்காதீங்க சார்... உங்களுக்குப் பதிலா நானாம். பை மட்டும் வரட்டும்ங்கிறாரு."