நகராத பாறை

முதல் பரிசுக்குக் கணவன் ஜோதிலிங்கத்தின் பெயரை அறிவித்ததும் அம்சவேணி திரையில் தெரிந்த படத்தை உற்றுப் பார்த்தாள். படத்தில் பனிமூட்டமாய் அலைகள், நடுவே கன்னங்கரேலென்று ஒரு பாறை. ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்து, அசைவதெல்லாம் புகையாய்க் கலைய, இப்படிக் கடலை எடுப்பதுதான் தில்லி போட்டோ கிளப்பில் இந்த வருஷ மோகம்.

"யார் எடுத்த படங்க இது? நீங்க தில்லியை விட்டே போகலையே!" என்று கணவன் காதைக் கடித்தாள்.

"சும்மா இரு வேணி" என்று சொல்லிவிட்டு அவன் மேடையேறினான்.

கன்னியாகுமரி வரை போய் வந்தும் பரிசு கிடைக்காத நல்லசிவம் எழுந்தார். "எந்தக் கடல்னு கேளுங்க சார்! இவரும் என் ஆபீஸ்தான், இவருக்கு லீவே கிடைக்கலை."

நடுவர் மைக்கை நீட்டினார். அம்சவேணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"கடலைத்தான் எடுக்கணும்னு போட்டியில சொல்லலையே சார்? இது லோதி ரோடு. ஆபீஸ் மாடியிலேருந்து எடுத்தேன். வெள்ளைச் சட்டையோட வீட்டுக்குப் போற சைக்கிள் கூட்டம்தான் அலை" என்றான் ஜோதிலிங்கம்.

"அப்போ பாறை?"

"நடுரோட்டுல படுத்த எருமை சார். எத்தனை பேர் பெல் அடிச்சும் அசையலை!"

அரங்கம் கைதட்டலில் அதிர்ந்தது. நல்லசிவமே சிரித்துவிட்டார்.

"அன்னிக்கு லேட்டா வந்துட்டு எருமை மறிச்சுதுன்னாரு. பொய்னு சண்டை போட்டேனே!" என்று பக்கத்து நாற்காலிக்காரியிடம் சொல்லியபடி, எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள் அம்சவேணி.