அந்த ஆளுக்கா ஓட்டு?

"அந்த ஆளுக்கா ஓட்டுப் போடப்போறே? உனக்கு மூளை கீளை இருக்கா?"

காலையிலேயே ஆரம்பித்துவிட்டார் ஒசரெட்டின். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நைஜீரியாவின் பெனின் நகரத்தில் அவருடைய தெருவில் ஒரு மாதமாக இதே பாட்டுதான்.

"சார், அவர் இப்ப ஜெனரல் இல்ல. முப்பது வருஷம் முன்னாடி துப்பாக்கியோட வந்து ஆட்சியைப் பிடிச்சாரு, சரி. இப்ப கையெடுத்துக் கும்பிட்டு, ஜனாதிபதி ஆக்குங்கன்னு கேக்குறாரே!" என்றான் பக்கத்து வீட்டு உவா, அகாரா வடையைக் கடித்தபடி. மருந்துக்கடைக்காரன். ராணுவ ஆட்சியைக் கதையாக மட்டும் கேட்டவன்.

"யூனிஃபார்மைக் கழட்டினா குணம் மாறிடுமா? லேட்டா வந்தேன்னு அவன் சிப்பாய்ங்க என்னை ஸ்கூல் வாசல்லயே தவளை மாதிரி குதிக்க வெச்சானுங்க. என் பசங்க பாத்துச் சிரிச்சுதுங்க. பஸ் டயர் வெடிச்சா நான் என்ன பண்ணுவேன்?"

"ஆனா அப்பல்லாம் பஸ்ஸுக்குக்கூட வரிசையில நின்னாங்களாமே சார்!"

"சாட்டைக்குப் பயந்து நின்னோம்டா!"

செவிடன் காதில் ஊதிய சங்கு. பக்கத்து வீட்டுத் தடியன் ஒருவனையே மாற்ற முடியவில்லையே என்று ஒசரெட்டின் தலையில் அடித்துக்கொண்டார்.

ஓட்டுச்சாவடி அதைவிட மோசம். விடியும் முன்பே கல்லையும் செருப்பையும் வரிசையாக வைத்து இடம் பிடித்திருந்தார்கள். அதிகாரிகள் வந்ததும் எல்லாரும் முண்டியடித்தார்கள். ஒரு பெரிய மனிதர் காரிலிருந்து இறங்கி நேராக உள்ளே போய் மை தடவிக்கொண்டு வந்தார்.

"வரிசையில நில்லுங்கய்யா! இது மக்களாட்சி!" என்று கத்தினார் ஒசரெட்டின்.

யார் கேட்டார்கள்?

"இப்படியே தள்ளினா பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடுவேன்!" என்று அதிகாரியும் கத்தினார்.

ஜெனரலைத் தடுக்கக் காத்திருந்த ஓட்டு அல்லவா! ஒசரெட்டினின் பொறுமை போய்விட்டது. ஓரத்து மாமரத்தில் ஒரு கிளையை ஒடித்துச் சாட்டைபோல் வீசினார்.

"நில்லுங்கடா ஒழுங்கா!"

கூட்டம் பின்வாங்கியது. இன்னொரு வீச்சு. அட, வரிசை உண்டாகிவிட்டது! யாரோ கைகூடத் தட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒருவன் நடுவில் நுழைந்தான். விட்டார் கெண்டைக்காலில் ஒன்று. திரும்பியவன் உவா.

"சார், நான்..."

"வாயைத் திறக்காதே! போ கடைசிக்கு!"

உவா நொண்டிக்கொண்டே போனான்.

"பெரியவரே, நீங்க முதல்ல வாங்க," என்று அதிகாரி மரியாதையோடு அழைத்தார். வரிசையின் முன்னால் நடந்துபோய், ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார் ஒசரெட்டின்.

முடிவு வந்த அன்று உவா வீடு தேடி வந்தான். கால் இன்னும் வீங்கியிருந்தது.

"கேட்டீங்களா சார்? அந்த ஆளு ஜெயிச்சுட்டாரு."

"ம்."

"அன்னைக்கு என் கல்லு வரிசையிலதான் இருந்துச்சு. தண்ணி பாக்கெட் வாங்கிட்டு வந்து என் இடத்துலதான் நின்னேன்."

"சொல்லியிருக்கலாமேப்பா."

"எங்க சொல்ல விட்டீங்க?" உவா சிரித்தான். "ஒரு மாசமா நீங்க கத்தினது மண்டையில ஏறல சார். அந்த ஒரே அடியில ஏறிடுச்சு. அவருக்கு நான் போடல. என்ன பிரயோஜனம்? நம்ம ரெண்டு பேர் ஓட்டும் வீணாப் போச்சு!"

ஒசரெட்டின் தலை குனிந்தார்.

அன்று கம்பை வீசியதும் கூட்டம் அடங்கிய அழகைப் பார்த்து, 'இந்த ஜனங்களுக்கு இதுதான் சரி' என்று அவர் ஜெனரலுக்கே குத்திவிட்டு வந்திருந்தார்.